மூன்று பேர் நின்ற படம்

ஜூன் 13, 2023

வன்கூவரிலிருந்து வந்த சின்ன விமானம் சாண்ட்ஸ்பிட்டில் இறங்கியபோது நல்ல மழை. அங்கிருந்து படகில் கடலைக் கடந்து ஸ்கிடகேட் கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன். ஹைடா க்வாய். கனடாவின் மேற்குக் கரையையும் தாண்டிக் கடலுக்குள் கிடக்கும் தீவுகள். ஹைடா மக்களின் மண். இதற்காகக் கையிலிருந்த கல்யாண வேலைகளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஸ்காபரோவில் நான் படமெடுக்காத தமிழ்க் கல்யாணம் குறைவு. மணவறை, கூறை மாற்றல், கேக் வெட்டு, பெரியப்பா குடும்பம் தனியாக, சித்தப்பா குடும்பம் தனியாக. "இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்துவிட்டது. இந்தமுறை மனிதர் இல்லாத படங்கள் வேண்டும். பயணச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர், நல்லதாக அமைந்தால் அனுப்பு, பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

வதனி தொலைபேசியில் வந்தாள்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"என்னப்பா இருக்கு அங்க?"

"கடல், காடு, மழை."

"அதுக்கோ இவ்வளவு தூரம் போனனீங்கள்?" என்று சிரித்தாள்.

ஜூன் 14

நான் தங்கியிருக்கும் வீடு வேர்னாவுடையது. அறுபதைத் தாண்டிய ஹைடாப் பெண்மணி. கணவர் இல்லை. மேல்மாடி அறைகளைப் பயணிகளுக்குக் கொடுக்கிறார். சிரித்தால் சமையலறைக் கண்ணாடி அதிரும். அவர் பேசுவது ஆங்கிலம்தான்; எழுதும்போது எனக்கு என் தமிழில்தான் வருகிறது.

"நீ என்ன படம் எடுக்கிறனீ?"

"இயற்கை" என்றேன்.

பகல் முழுக்க மழை. கடற்கரையில் நிற்கும் உயரமான தூண்களைச் சுற்றி வந்தேன். முழுச் செடார் மரத்தில் செதுக்கிய கழுகும் கரடியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலைப் பார்த்து நிற்கின்றன. வெளிச்சம் சரியில்லை. சப்பாத்து நனைந்துவிட்டது. வேர்னா அதைப் பிடுங்கி அடுப்படியில் காயவைத்தார்.

ஜூன் 15

காலைச் சாப்பாட்டு மேசையில் வேர்னா தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உன்ர பேரைப் போட்டுத் தேடினன். ஒரு மலையைக் காணேல்லை, ஒரு மரத்தைக் காணேல்லை. எல்லாம் கல்யாணப் பொம்பிளையள்!"

சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அப்ப உனக்குக் குடும்பப் படம் எடுக்கத் தெரியும்."

அவருக்கு இரண்டு தமையன்மார். மூத்தவர் ஹார்வி, இளையவர் வில்பிரட். அந்தக் காலத்தில் பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டுபோய் அடைத்துவைத்துப் படிப்பித்த விடுதிப் பள்ளிகளுக்கு இருவரையும் கொண்டுபோனார்கள், ஆளுக்கொரு திசையில். வேர்னா அப்போது கைக்குழந்தை. ஹார்வி திரும்பி வந்து வாழவில்லை, பள்ளி இருந்த எட்மன்டனிலேயே இருந்துவிட்டார். தகப்பன் சாக, ஹார்வியால் வரமுடியவில்லை. தாய் சாக, வில்பிரட் கடலில் மீன்பிடியில். மூவரும் ஒன்றாக நிற்கும் ஒரு படம்கூட இல்லை.

"நாளைக்கு ஹார்வி வாறான். ஈரலில புற்று. டொக்டர்மார் இனிச் செய்ய ஒண்டுமில்லை எண்டு விட்டிட்டினம்" என்றார், பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே. "எங்கள் மூண்டு பேரையும் ஒரு படம் எடுத்துத் தருவியோ?"

தருவேன் என்றேன். வேறென்ன சொல்வது! இங்கேயும் குடும்பப் படம்.

ஜூன் 17

மழை விட்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் கரையிலேயே மூவரையும் நிறுத்தினேன். வேர்னா நடுவில், அவருக்கு இடப்பக்கம் ஹார்வி, வலப்பக்கம் வில்பிரட். ஹார்வி மெலிந்து, சட்டைக்குள் ஆள் இல்லாதவர்போல் இருந்தார். அவருக்கென்று வேர்னா தைத்துவைத்திருந்த சடங்குப் போர்வையைத் தோளில் போட்டுவிட்டார்கள். கறுப்புக் கம்பளியில் சிவப்புக் கழுகு, ஓரமெல்லாம் சிப்பிப் பொத்தான்கள். அதைத் தைத்துப் பல வருடம் பெட்டியில் வைத்திருந்தாராம்.

வில்பிரட் கல்லுப்போல் நின்றார். கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டு நிற்கும் மாமன்மாருக்குச் செய்யும் கோமாளித்தனத்தை எல்லாம் செய்தேன். பின்னால் நடந்து பாசியில் வழுக்கி விழப்போனேன். வில்பிரட்டும் வேர்னாவும் சிரித்துவிட்டார்கள். நிறைய எடுத்தேன். பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது.

முடிந்ததும் ஹார்வி கமெராவின் திரையில் பார்க்கவேண்டும் என்றார். கையில் வாங்கி, கிட்டப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்டு பெரிசா வேணும். படுத்திருந்து பாக்கக்கூடிய மாதிரி" என்றார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்றேன்.

கல்யாணம் என்றால் கமெராவில் இரண்டு மெமரி கார்ட் போட்டு இரண்டிலும் பதியவிடுவேன். இங்கே ஒன்றுதான் போட்டிருக்கிறேன். லப்டொப்பில் ஏற்றிவைக்க வேண்டும். நாளை விடியப் படகுப் பயணம். வந்து பார்க்கலாம்.

ஜூன் 18

எடுத்துவிட்டேன்! இவ்வளவு காலமும் கமெரா தூக்கியதற்கு இதுதான்.

வில்பிரட்தான் படகோட்டி. தெற்கே ஸ்கெடன்ஸ் என்ற பழைய கிராமத்துக்குக் கூட்டிப்போனார். பெரியம்மை வந்து ஆட்கள் சாக, எஞ்சியவர்கள் விட்டுப்போன ஊர். காவலுக்கு இருக்கும் ஹைடாக் குடும்பம் எங்களை வரவேற்றது. வீடுகள் இருந்த இடமெல்லாம் பாசி மூடிய பள்ளங்கள். சில தூண்கள் சரிந்தும் சில விழுந்தும் கிடக்கின்றன. அவற்றில் சில கல்லறைத் தூண்கள். உச்சியில் பெட்டி வைத்து ஆட்களை அடக்கம் செய்திருந்தார்களாம். "இது சுடலை. பாத்து நட" என்றார் வில்பிரட். தூண்கள் விழுவதை அவர்கள் தடுப்பதில்லை, மண்ணுக்கே போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நான் கார்ட் நிறையும் அளவுக்கு எடுத்தேன்.

திரும்பும்போது திமிங்கிலம். எங்களுக்கு முன்னால் முழு உடம்பும் தண்ணீரை விட்டு எழும்பி விழுந்தது. பிறகு மறுபடி. வில்பிரட் வெளிச்சம் எனக்குப் பின்னால் வரும்படி படகைத் திருப்பித் தந்தார். கார்ட் நிறைந்துவிட்டது என்று கமெரா காட்டியது. மற்றக் கார்ட் பையோடு படகின் முன்பெட்டியில் பூட்டியிருந்தது. ஒருவாறு இடம் உண்டாக்கி எடுத்தேன். பழையதில் கொஞ்சம் போயிற்று. ஆனால் மூன்றாவது தடவை அது எழும்பியபோது, செட்டை விரிய, வயிற்றின் வரிகளெல்லாம் வெயிலில் தெரிய, நான் தயாராக இருந்தேன்.

"ஹார்விக்குக் காட்டு. சந்தோசப்படுவான்" என்றார் வில்பிரட்.

ஜூன் 19

கார்டில் ஏதோ பழுது. பதினேழாம் திகதிப் படங்கள் அழிந்துபோய்விட்டன. அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் திமிங்கிலம்தான் வருகிறது.

கீழே மேசையில் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்புக் கேட்கிறது. வெளியே தூறல். இன்னொருமுறை எடுக்கலாம்தான். ஆனால் தூறலில் போர்வை நனையும். ஹார்வி களைத்துப்போயிருப்பார்.

ஜூன் 20

தூறல் இல்லை. நல்ல மங்கல் வெளிச்சம், முகங்களுக்கு ஏற்றது. வாசல்வரை போனேன். ஹார்வி கதிரையில் நித்திரையாக இருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. பின்னேரம் விழித்திருந்தார், நான் பெட்டி அடுக்கினேன்.

ஜூன் 21

புறப்படும்போது வேர்னா கட்டிப்பிடித்தார். ஹார்வி கதிரையிலிருந்தே கை காட்டி, "பெரிசா!" என்று கைகளை அகல விரித்தார். நானும் கைகளை விரித்துக் காட்டினேன்.

ஜூலை 9

வேர்னாவிடமிருந்து செய்தி: படம் எப்ப வரும்? ஹார்வி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கல்யாண சீசன், வேலை கூட, கெதியில் அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். இன்றைய வேலை: மார்க்கம் நகரில் பூப்புனித நீராட்டு விழா. இரண்டு கார்டிலும் பதிந்தேன்.

ஓகஸ்ட் 20

சஞ்சிகை வந்துவிட்டது. நடுப்பக்கம் இரண்டையும் பிடித்துக்கொண்டு என் திமிங்கிலம். கீழே என் பெயர். வதனி எனக்குத் தெரியாமல் அதைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் அதற்குக் கீழே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நான் சாப்பாட்டு மேசையில் என் கதிரையை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

செப்ரெம்பர் 12

வேர்னா எழுதியிருக்கிறார். ஹார்வி நேற்றுப் போய்விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். செத்தவீட்டில் வைக்க அந்தப் படம் வேண்டும். பெரிது தேவையில்லை, தொலைபேசியில் அனுப்பினாலும் போதும்.

செப்ரெம்பர் 13

ஹார்ட் டிரைவ் பழுதாகிவிட்டது, மீட்கிற இடத்தில் கொடுத்திருக்கிறேன் என்று எழுதினேன்.

"கவலைப்படாதே. நீ முயற்சி செய்வது தெரியும்" என்று பதில் வந்தது.

செப்ரெம்பர் 17

இன்று பின்னேரம் வதனியின் சிநேகிதி குடும்பம் வந்தது. திமிங்கிலத்தை எப்படி எடுத்தேன் என்று சொல்லும்படி கேட்டார்கள். எரிந்து விழுந்தேன். அவர்கள் போனதும் வதனி படத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"என்ன நடந்தது உங்களுக்கு? இதைப் பாக்கவே மாட்டன் எண்டு நிக்கிறியள்."

அந்த மனிதர் செத்துவிட்டார், அவர்களின் படம் அழிந்துபோய்விட்டது என்றேன்.

"எப்பிடி?"

"கார்டில பிழை."

அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அழிஞ்சதோ, அழிச்சனீங்களோ?"

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். கார்டில் பிழை எதுவும் இல்லை. படகில் இடம் போதாமல் போனபோது, ஒரு நாளைத் தெரிந்தெடுத்து அந்த நாளின் படங்களை அழிக்கும் வசதி கமெராவில் வந்தது. இரண்டு நாள் காட்டியது. பதினேழு, பதினெட்டு. பதினெட்டில் தூண்கள் இருந்தன. நான் பதினேழை அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். பக்கத்தில் வில்பிரட் எனக்காகப் படகைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வதனியின் அண்ணன் தொண்ணூற்றைந்தில், போரில் ஊரோடு இடம்பெயர்ந்து நடந்த வழியில் காணாமற்போனவர். வீட்டோடு அல்பங்களும் போய்விட்டன. மாமி சுவரில் மாலை போட ஒரு படம் இல்லாமல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியை வெறுமனே விட்டிருந்தா. கல்யாணமான புதிதில் அந்த ஆணி ஏன் என்று நான்தான் கேட்டேன்.

"அண்ணான்ர முகம் எனக்கு மறந்துபோச்சு" என்றாள் வதனி. "கண்ணை மூடினால் போட்டிருந்த சேட்டுத்தான் வருது, முகம் வரேல்லை. உங்களுக்கு இது தெரியும். தெரிஞ்சுகொண்டும்..." முடிக்கவில்லை. கதிரையில் ஏறித் திமிங்கிலத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தாள். "அந்த மனிசியோட கதையுங்கோ. எழுதாதேங்கோ, கதையுங்கோ."

செப்ரெம்பர் 24

கதைக்கவில்லை.

ஒக்ரோபர் 8

கதைத்தேன். சந்தோசமாக எடுத்தார், டிரைவ் சரிவந்துவிட்டதா என்று கேட்டார். நான் டிரைவ் எதுவும் பழுதாகவில்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். திமிங்கிலத்தையும் சொன்னேன்.

கெட்ட வார்த்தையால் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"அடுத்த ரெண்டு நாளும் நாங்கள் மூண்டு பேரும் கீழ மேசையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டுதானே இருந்தனாங்கள். ஏன் நீ திருப்பி நிக்கச் சொல்லேல்லை? எழும்பி நிண்டிருப்பமே."

வெட்கமாக இருந்தது என்றேன். அதைச் சொல்லும்போது எவ்வளவு சின்னச் சொல்லாக இருந்தது.

தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

டிசம்பர் 31

வேர்னாவிடமிருந்து எதுவும் இல்லை. சஞ்சிகைக்காரர் அடுத்த வருடம் ஐஸ்லாந்துக்குப் போவாயா என்று கேட்டார். இல்லை என்றேன். காரணம் சொல்லவில்லை.

ஜூலை 21, 2024

வில்பிரட் அழைத்தார். அவர் தொலைபேசியில் பேசி நான் கேட்டதில்லை.

"செப்ரெம்பரில ஹார்விக்குக் கல்லறைக் கல்லு வைக்கிறம். விருந்து இருக்கு. வா."

"வேர்னா?"

"வேர்னாதான் சொல்லச் சொன்னவள். கமெரா கொண்டுவராதே எண்டும் சொன்னவள்."

வதனியிடம் சொன்னேன். "வருசம் முடியச் செய்யிற எங்கட ஆட்டைத் திவசம் மாதிரி" என்றாள். பிறகு, "நானும் வாறன்" என்றாள்.

செப்ரெம்பர் 13

மறுபடி ஸ்கிடகேட். வேர்னா வதனியைக் கட்டிப்பிடித்தார். எனக்குத் தலையை மட்டும் அசைத்தார். வதனி சற்று நேரத்தில் சமையல்கட்டில் பெண்களோடு நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். என்னை மண்டபத்துக்குக் கதிரை தூக்க அனுப்பினார்கள். கழுத்தில் கமெரா இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதிரை தூக்கியது நல்லதாகப் போயிற்று.

செப்ரெம்பர் 14

காலையில் மயானத்தில் கல்லின் திரையை நீக்கினார்கள். பிறகு மண்டபம் நிறையச் சனம். மீன், நண்டு, சூப், கேக். பாட்டும் மேளமும்.

மேடைக்குக் கீழே ஒரு மேசையில் ஹார்வியின் போர்வையை விரித்து அதன்மேல் ஒரு படம் வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். அயல்வீட்டுப் பெண் ஒருத்தி அன்றைக்குத் தன் முற்றத்திலிருந்து தொலைபேசியில் எடுத்ததாம். கடற்கரை. வில்பிரட் வாயைத் திறந்து சிரிக்கிறார். வேர்னா நேரே பார்த்துச் சிரிக்கிறார். மற்றப் பக்கத்தில் போர்வையின் ஓரம், சில பொத்தான்கள், ஒரு கை. ஹார்வியின் முகம் இருக்கவேண்டிய இடத்தில், கமெராவைத் தூக்கிப் பிடித்தபடி, நீல மழைச்சட்டை போட்ட ஒரு முதுகு. என் முதுகு.

மூவரும் ஒன்றாக நின்றதற்கு இருக்கிற ஒரே படம் அது. வருகிறவர்கள் எல்லாரும் அதன்முன் நின்று தொட்டுவிட்டுப் போனார்கள்.

வேர்னா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல உன்னைக் கூப்பிடேல்லை" என்றார். "எனக்கு இன்னும் கோவம் இருக்கு. ஆனால் அண்டைக்கு நாங்கள் மூண்டு பேரும் உன்னைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை. முன்னால நிண்டு பாத்தது நீ ஒருத்தன்தான். எழும்பி, நீ கண்டதைச் சொல்லு."

"இப்பவோ?"

"பின்ன எப்ப?"

ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். கல்யாண வீடுகளில் அதை மற்றவர்களுக்குச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன், நான் பேசியதில்லை. தூரத்தில் சமையல்கட்டு வாசலில் வதனி கையைத் துடைத்தபடி நின்றாள்.

அந்த மேசையில் இருக்கவேண்டிய படத்தை எடுத்தவன் நான், அழித்தவனும் நான் என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் எல்லாம் வந்தது.

மேகம் தாழ்ந்து கிடந்ததைச் சொன்னேன். கடல் வற்றியிருந்ததை, காற்றில் போர்வையின் ஓரம் புரண்டு புரண்டு வேர்னாவின் கையில் பட்டதை, வில்பிரட் தன் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்ததைச் சொன்னேன். சனம் சிரித்தது. "நான் திரும்பத் திரும்ப, இங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று கத்தினேன். வில்பிரட் பார்த்தார். வேர்னா பார்த்தார். ஹார்வி பார்க்கவேயில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, படம் பழுதாகிறதே என்று. ஒவ்வொரு படத்திலும் அவர் முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. அவர் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை நித்திரை கொள்வதைப் பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. திரையில் படத்தைக் காட்டியபோதும் தன்னைப் பார்க்கவில்லை. விரலை வேர்னாவின் முகத்தில்தான் வைத்திருந்தார்."

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தேன். கதிரையில் போய் இருந்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் மேளத்தை ஒரே ஒருமுறை தட்டினார்.

விருந்து முடியும்போது, வந்தவர்கள் எல்லாருக்கும் வீட்டார் பரிசு கொடுப்பது அவர்கள் வழக்கம். கண்டதற்கும் கேட்டதற்கும் சாட்சியாக இருந்ததற்கு அது கூலி, கேட்கிறவர்களுக்கு இனி நாங்கள் சொல்லவேண்டும் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். வேர்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார். போத்தலில் அடைத்த சமன் மீன். வதனிக்கு ஒன்று வைத்தார். எல்லாருக்கும் வைத்ததுபோல எனக்கும் ஒன்று வைத்தார். அடுத்த மேசைக்குத் திரும்பியவர் நின்றார்.

"எவ்வளவு நேரம் என்னைப் பாத்தவன்?"

"நான் எடுத்து முடியுமட்டும்" என்றேன்.

பெட்டியைக் கையில் பிடித்தபடியே வேர்னா முகத்தை மெல்ல, அன்று ஹார்வி நின்ற இடப்பக்கம் திருப்பினார். அங்கே ஒருவரும் இல்லை. அடுக்கிவைத்த கதிரைகள்தான் இருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அடுத்த மேசைக்குப் போத்தல் கொடுக்கப் போனார்.